துண்டுக்கு அடியில்

இன்றைய நிலவரம், கேட்டதற்குச் சொல்கிறேன்:
தலைச்சன் கிடாரி, நாலு பல், நிறைசினை, அறுபத்தெட்டு.
இரண்டாம் ஈத்து, கன்றும் கூட என்றால்
எண்பதில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கிறது.
பொலிகாளைக்குப் பெயர்தான் மிச்சம்,
அவன் வேலையை ஒரு பிளாஸ்டிக் குழல் எடுத்துக்கொண்டது.
சினை பிடிக்காத பசுவுக்கு மட்டும்
பல் பார்ப்பதில்லை, சுழி பார்ப்பதில்லை.
கண்ணாலேயே நிறுத்துவிடுவார்கள்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே, ஒரு புதன்கிழமைச் சந்தை.
இடவப்பாதி ராத்திரி முழுக்க அடித்து ஊற்றியதில்
சாணமும் செம்மண்ணும் ஒரே நிறம்.
நான் தவசிமுத்து, தரகன்.
தோளில் கிடக்கிற துண்டுதான் எனக்குக் கடையும் கல்லாவும்.
அதற்கு அடியில் ஒரு விரல் பிடித்தால் பத்து,
கை முழுக்கப் பிடித்தால் ஐம்பது.
மேலே, வாய்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

நேசபாய் கறுத்த பசுவோடு வந்தாள்.
மழையானால் ரப்பர் வெட்டு இல்லை,
அதனால்தான் சந்தைக்கு வர ஒழிந்தது.
பெண்கள் துண்டுக்குள் கை விடுவதில்லை;
தம்பியோ மச்சானோ விடுவான்.
அவளோடு அன்றைக்கு யாரும் இல்லை.
"நீட்டும் வேய்" என்றாள்.

உளி பிடித்துக் காய்த்த உள்ளங்கை.
என் மூன்று விரலைப் பிடித்தாள்.
முப்பதா?
அடிமாடாகப் போனாலே நாற்பது கிடைக்குமே!
"கூட்டிக் கேளு" என்றேன்.
மறுபடியும் அதே மூன்று, நெரித்து.
"ரூவா இல்ல ஓய்," மூச்சுக்குள்ளே சொன்னாள்,
"ஊசி."

மூன்று ஊசி. இரண்டு நிற்கவில்லை.
மூன்றாவதற்கு இன்றைக்கு அறுபத்தோராம் நாள்.
நின்றதா என்று பசுவுக்குத்தான் தெரியும்,
அது வாழைமட்டை தின்றுகொண்டிருக்கிறது.

ஷிஜின், மஸ்கட்டிலிருந்து திரும்பியவன்,
வங்கிக் கடனில் தொழுவம் கட்டியவன்.
பசுவின் நெற்றியைத் தடவிவிட்டு
என் விரல்களில் ஐம்பத்தெட்டு எழுதினான்.
பாறசாலைக்காரர் மாகீன், இறைச்சிக்கு எடுப்பவர்,
தொடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாற்பத்தொன்று.
நடுவில் பதினேழாயிரம்.
ஒரு கருப்பையின் அகலம் அவ்வளவுதான்.

நான் சும்மா நின்றிருக்கலாம்.
சும்மா நிற்பதற்கும் எனக்குக் கமிஷன் உண்டு.
துண்டுக்கு மேலே நான் சொல்லாத பொய்யில்லை,
அடியில் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.
அவள் உண்மையை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டாளே,
சவம், அதுதான் கஷ்டம்.
"டாக்டரம்மாவ விளி மக்கா" என்றேன் ஷிஜினிடம்.

தோள்வரை உறை மாட்டி
டாக்டரம்மா கையை உள்ளே விட்டாள்.
நாங்கள் நாலு பேரும்
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
இருட்டுக்குள் ஒரு கை விரல்களால் தேடுகிறது,
வெளியே யாருக்கும் எண் தெரியாது.
என் தொழில்தான். துண்டு மட்டும் வேறே.

"என்னமோ தட்டுப்படுது," என்றாள்,
"உறப்பா சொல்ல இன்னும் இருவது நாள் களியணும்."

என்னமோவுக்கு என்ன விலை?
நான் கையை நீட்டினேன்.
ஷிஜின் நாற்பத்தைந்துக்கு இறங்கினான்,
பிறகு அந்த விரல்களையும் உருவிக்கொண்டான்.
மாகீன் என் கையைத் தொடவே இல்லை.
"வயித்துல இருந்துட்டா? நமக்கு வேண்டாம் தவசி,"
சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனார்.

அரை மணிக்கூர் முன்பு இரண்டு விலை இருந்த பசுவுக்கு
இப்போது ஒன்றும் இல்லை.
நேசபாய்க்குச் சிரிப்பு வந்தது.
கயிற்றைச் சுருட்டினாள்.
டெம்போக்காரன் இருநூறு கேட்டான், நடந்தே ஓட்டிப்போனாள்.
எனக்கு ஒரு கட்டஞ்சாயா வாங்கித் தந்தது மட்டும் மிச்சம்.

மத்தியானம் பாலத்தடிக் கடையில்
மரச்சீனியும் இறைச்சியும்.
முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனால்
விரலில் ரப்பர் பால் வாடை.
அந்த மூன்று விரலில் மட்டும்.
எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன்.

இருபது நாள்.
அடுத்த மாதம் முதல் புதன் என்று வரும்.
அன்றைக்கு நிலவரம் என்னவோ.